நெய்னாவின் லாஞ்சிக்கு வந்த கனெக்டர்

புதுமடம்
டிசம்பர் 1961

என் அருமை மகன் அகமது கபீருக்கு, உன் உம்மா உம்மு ஹபீபா துஆவோடு எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். பம்பாயில் உன் உடம்பையும் ஈமானையும் அல்லாஹ் காப்பாற்றி வைப்பானாக. இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதிப் பழகிய கை அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டது, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உன் வாப்பா சோற்றைப் பிசைகிறாரே தவிரச் சாப்பிடுவதில்லை. உன் தம்பி பெண்டாட்டி தாஜுன்னிசா, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் உள் அறையில் இருக்கிறாள், யாரிடமும் பேச்சில்லை. நான்தான் எல்லோரையும் ஏசிக்கொண்டு நடமாடுகிறேன், ஏசாமல் இருந்தால் அழுகை வந்துவிடுகிறது, அழ ஆரம்பித்தால் அடுப்பு எரியாது. உன் வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது, நல்ல கறுப்பு. உன் தம்பி நெய்னா இருந்திருந்தால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்திருப்பான்.

உன் கடிதம் வந்தது. தம்பியின் மவுத்துக்கு, வயரை இணைக்க நீ அனுப்பிய கனெக்டர்தான் காரணம், அது கடலில் விட்டுப்போய்த்தான் படகு மோட்டார் சுழலவில்லை, இனி இந்தக் கையால் வயரைத் தொட மாட்டேன், வேலையை விடப் போகிறேன், ஊருக்கும் எந்தச் சாமானும் அனுப்ப மாட்டேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு உன் வாப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். லாஞ்சியில் மோட்டாரைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் வயரின் இணைப்பு விட்டுப்போயிருந்தது என்று அவர் உனக்கு எழுதியது நிஜம்தான். எந்த இணைப்பு என்று எழுதவில்லை, அவருக்கே அப்போது தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. நான் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

அன்று நெய்னாவும் அவனோடு தொழிலுக்குப் போகும் பாக்கரும் நம் கரைக்கு எதிரே உள்ள தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டு, மோட்டாரை அணைத்துவிட்டு வலை விட்டிருக்கிறார்கள். பட்டப்பகல். வாடைக்காற்று திடீரென்று கிளம்பி நங்கூரக் கயிறு அறுந்துவிட்டது. நெய்னா ஓடிப்போய் ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கியிருக்கிறான், ஒரு சத்தமும் இல்லை. திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறான். அதற்குள் லாஞ்சி பாறை மேல் போய்விட்டது. கம்பை ஊன்றித் தள்ள நின்ற பிள்ளையை அலை வாரிக்கொண்டு போனது. மறுநாள் கடல் அவனைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டது, பள்ளிவாசலில் அடக்கம் செய்தோம், அவன் முகத்தைப் பார்க்க நீதான் இல்லை. பாக்கர் பலகையைப் பிடித்துப் பிழைத்தான். இன்றைக்கும் என்னைக் கண்டால், புடிச்சேன் மாமி, கை வழுக்கிருச்சு மாமி என்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு வார்த்தை வருவதில்லை.

லாஞ்சியைக் கரையேற்றி ஆசாரி பலகை மாற்றும்போது பாக்கர் அந்த வயரை அறுத்து வாப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தான். அதில் உன் கனெக்டர் இல்லவே இல்லை மகனே. இரண்டு வயரையும் வெறுங்கையால் முறுக்கி, நூல் சுற்றி, அதன் மேல் படகின் பலகை இடுக்கில் அடைப்பது போலப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் பூசி வைத்திருந்தான் உன் தம்பி. மேலே பார்த்தால் அவ்வளவு அழகு, ஒரு பிசிறு இல்லை. படகுக்குள் தண்ணீர் வராமல் காக்கிற பூச்சு வயரையும் காக்கும் என்று நினைத்துவிட்டான். உரித்துப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்பு முன்பே உள்ளே போயிருக்கிறது, அதை உள்ளேயே வைத்துப் பூசியிருக்கிறான்.

அப்படியானால் நீ அனுப்பியது எங்கே என்று வாப்பா வீட்டையே புரட்டினார். தாஜுன்னிசா உள்ளேயிருந்து எழுந்து போய் நெய்னாவின் பெட்டகத்தைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே உன் கனெக்டர்கள், நீ சுற்றிய மெழுகுத்தாள்கூடப் பிரியாமல், கல்யாணத்துக்கு வாங்கிய அத்தர் குப்பிக்குப் பக்கத்தில் இருந்தன. ஒன்றை மட்டும் பிரித்திருக்கிறான், அது பூட்டுவதற்கு இல்லை, தேநீர்க் கடையில் எல்லோருக்கும் காட்டுவதற்கு. எங்க கபீர் காக்கா பம்பாயில தானே தெரிஞ்செடுத்து அனுப்புனது, இழுத்துப் பாருங்க, வருதான்னு பாருங்க என்று சொல்லிக்கொண்டு திரிந்தானாம். மாட்டிவிட வேண்டியதுதானே என்று அவள் கேட்டதற்கு, போடி, இம்புட்டு நல்ல சாமானைக் கொண்டுபோய் உப்புத்தண்ணியிலயா போடுறது என்றிருக்கிறான். அந்தப் பெண் மவுத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய பேச்சு இது ஒன்றுதான்.

இந்த வீட்டுப் புத்தியே அதுதானே கபீர். நீ அனுப்பிய குடையை உள்ளே வைத்துவிட்டு உன் வாப்பா நனைந்துகொண்டு சந்தைக்குப் போகிறார். செருப்பை வைத்துவிட்டு வெறுங்காலோடு நடக்கிறார். எனக்கு வந்த சேலை இன்னும் மடிப்புக் கலையவில்லை. தூரத்திலிருந்து பிள்ளை அனுப்பியது என்றால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே தவிர உபயோகிக்க மாட்டோம். அவனும் எங்கள் பிள்ளைதானே. உன் மேல் வைத்த பிரியத்தில்தான் உன் சாமானை ஒளித்து வைத்தான். இதைக் கேட்டு உனக்கு மனம் ஆறுமோ இன்னும் நோகுமோ எனக்குத் தெரியவில்லை. அவனைப் பிடித்து நாலு ஏச்சு ஏசலாம் என்றால் ஏச அவன் இல்லை.

ஆகையால் வேலையை விடாதே. சொன்ன அளவுக்குத் திரும்பி நிற்கிற சர்வோ மோட்டார் என்று ஒன்றை உன் கம்பெனியில் செய்கிறார்கள், அதன் வயரில் ஓர் இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் அது தாறுமாறாக ஆடும், அதற்கான கனெக்டரைப் பார்த்து எடுப்பது என் பொறுப்பு என்று முன்பு பெருமையாக எழுதியிருந்தாயே. இழுத்தால் கழலக் கூடாது, ஆட்டினால் விடக் கூடாது, ஈரக் காற்றில் களிம்பு ஏறக் கூடாது என்று நீ எழுதியது எனக்குப் பாடமாகவே இருக்கிறது. உன் கை தப்பாக எதையும் எடுக்கவில்லை. இப்போது அந்தக் கைக்கு வேலை இருக்கிறது. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் உன் வாப்பா அதே லாஞ்சியைத் தள்ளப் போகிறார், பாக்கரும் போகிறான். நான் எவ்வளவோ ஏசிப் பார்த்தேன், கடலை விட்டா நமக்கு வேற என்னடி இருக்கு என்கிறார். டப்பாவில் உள்ளதைப் பூட்டச் சொன்னால், அது நெய்னா வச்சது, அங்கனயே இருக்கட்டும் என்று தொட விடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஈரக் கையோடு கரண்டைத் தொடாதே. ஜும்ஆ தொழுகையில் தம்பிக்காக துஆ கேள். உன்னை அல்லாஹ்வின் காவலில் ஒப்படைக்கிறேன், நீண்ட ஆயுளோடு இரு. மறக்காமல் வாப்பாவின் லாஞ்சிக்கு வேறு கனெக்டர் பார்த்து எடுத்து அனுப்பு. பிடிப்பு மட்டும் கெட்டியாக இருக்கட்டும், புதியதாக அனுப்பாதே. மெழுகுத்தாள் சுற்றாதே, டப்பாவில் வைக்காதே. உன் கம்பெனியில் பூட்டிக் கழற்றியதாக, மேலெல்லாம் கறையும் கீறலுமாக, யாருக்கும் எடுத்து வைக்க மனம் வராததாகப் பார்த்து அனுப்பு மகனே.

இப்படிக்கு,
உன் உம்மா
உம்மு ஹபீபா