மனப்பாட உரையைத் திருப்பி அனுப்பும் ஓலை

தூதர் செங்கோதையின் நாட்குறிப்பு: ஆவணித் திங்கள், வளர்பிறை ஏழாம் நாள், விளக்கேற்றிய பின். இன்று குருந்தூர் அவைக்குள் நுழைந்ததும் அரசரை விட்டுவிட்டு அவருடைய படைத்தலைவரை முதலில் வணங்கியது தூதரின் பிழை. இருவரும் ஒரே நிறத் தலைப்பாகை கட்டியிருந்தனர்.

வெண்கரை நாட்டின் முதலமைச்சர், அரசியாரின் வலப்பக்கம் அமரும் உரிமை பெற்ற வேள் மருதனார் அவர்களுக்கு, அரச கணையாழி தாங்கிய தூதர் செங்கோதை விடுக்கும் ஓலை. வெண்கரையின் ஏரிகள் நிறைக. தங்கள் இல்லத்தார் நலமுடன் வாழ்க. வாழ்த்து இவ்வளவே. இனி வருவது சினம்.

குருந்தூர் அவையின் வழக்கம் தாங்கள் அறியாதது அன்று. வேண்டுகோளுடன் வருபவர் முன்னே, அடியில் துளையிட்ட செப்பு வட்டில் ஒன்றை நீர்த்தொட்டியில் மிதக்கவிடுவர். அரசர் தமக்குத் தோன்றியதைக் கேட்பார். வட்டில் மூழ்குமுன் விடை வராவிட்டால் வேண்டுகோள் கைவிடப்பட்டதாகும். ஆயினும் மறுவாய்ப்பாக, மறுநாள் ஒரே ஒரு முறை வட்டில் மீண்டும் மிதக்கும். இதையெல்லாம் அறிந்தும் தாங்கள், குருந்தூர் வசமுள்ள கருவாற்று மதகை நம் வயல்களுக்குத் திறக்கக் கோரும் உரையைத் தாங்களே எழுதி, செங்கோதையை மனப்பாடம் செய்யவைத்து, இளம் நாக்கு தடம் மாறும், ஆகவே ஓர் எழுத்தும் மாறலாகாது என்று கட்டளையிட்டு அனுப்பினீர்கள்.

தங்கள் நாட்டுக் கடைமடையில் இன்று என்ன பயிர் நிற்கிறது என்று அரசர் கேட்டார். வரும் வழியில் அந்த வயல்களின் ஊடே நடந்து வந்தவள் செங்கோதை. ஆயினும் அதற்குரிய வரியைத் தங்கள் உரையில் தேடினாள். முதற்பகுதியில் இல்லை. இரண்டாம் பகுதி முழுதும் தங்கள் குலப்பெருமை. மூன்றாம் பகுதிக்குப் போவதற்குள் வட்டில் மூழ்கிற்று. அவை சிரித்தது.

மனம் ஆறாமல் அந்தியில் ஊர்ப் பேச்சுக்கூடத்துக்குப் போனாள். வணிகரின் ஆட்களும் வழக்குரைப்போரும் வேலை முடிந்து கூடி, பல பொருள்கள் இட்ட பானைக்குள் கைவிட்டு, அகப்பட்ட பொருளைப் பற்றி, அவையில் உள்ளது போன்ற ஒரு வட்டில் மூழ்கும்வரை பேசிப் பழகும் இடம் அது. அவள் கைக்குப் பாக்குவெட்டி வந்தது. பேச்சைப் பிறப்பு, வகை, பயன் என்று வழக்கம்போலப் பிரித்துக்கொண்டாள், பிறப்பிலேயே நின்றுபோனாள்.

“என்ன தூதரம்மா, பாக்கை வெட்டச் சொன்னா நாக்கை வெட்டிக்கிட்டீங்க!” என்றான் மிளகு வணிகரின் ஆள் இளம்பூதன். கூடமே சிரித்தது. ஒரே நாளில் இரண்டாம் சிரிப்பு. யாரையும் கேளாமல் மீண்டும் பானைக்குள் கைவிட்டாள். அறுந்த செருப்பு.

தன் செருப்பு எங்கே அறுந்தது என்று தொடங்கியது மட்டுமே அவளுக்கு நினைவிருக்கிறது. கடைமடை வயலின் வெடிப்பில் அறுந்தது. அங்கே குறுவை நெல் பால் பிடிக்கும் பருவத்தில் நீரின்றி நின்றது. குடத்து நீரைப் பயிரின் தூரில் ஊற்றிக்கொண்டிருந்த பெண், “இன்னும் நாலு நாள் தாங்காதும்மா” என்று சொன்னாள். செங்கோதை பேசி முடித்தபோது வட்டில் எப்போதோ மூழ்கித் தொட்டியின் அடியில் கிடந்தது. யாரும் அவளை நிறுத்தவில்லை.

“இம்புட்டையும் வயித்துக்குள்ளயா வச்சிருந்தீங்க? காலையிலயே கொட்டியிருக்கலாமே!” என்றான் இளம்பூதன்.

அந்தச் சொல்தான் சுட்டது. கண்டதைச் சொல்லத் தெரிந்தவளைத் தங்கள் உரை ஊமையாக்கிற்று; அதற்கு இடம் கொடுத்தவள் அவளே. ஒப்பிப்பது போதுமென்றால் ஓலையை மட்டும் அனுப்பியிருக்கலாம்; ஓலைக்கு நா உலராது. நாளையும் அவளுக்கு உலரலாம். அச்சம் போய்விட்டது என்று அவள் பொய் எழுதமாட்டாள்.

தங்கள் உரை இத்துடன் திரும்பி வருகிறது. இனி வெண்கரைத் தூதர் எவரிடமும் மனப்பாட உரை தந்தனுப்பலாகாது. இது அரசியார் தந்த கணையாழியின் உரிமையால் இடும் ஆணை. அரக்கின் மேல் இலச்சினை பதிந்தது. குதிரைவீரன் வாயிலில் நிற்கிறான்.

நாளைய பணி: வெறுங்கையுடன் அவை புகுதல். அரசரை முதலில் வணங்குதல். அவர் எதைக் கேட்டாலும், குடத்துடன் நின்ற அந்தப் பெண்ணிடமிருந்து தொடங்குதல்.