உன் மாமன் வீட்டுச் சாணம்

அடி அண்ணாமலை,
தை மாதக் கடைசி, 1998.

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் காவலில் நானும் உன் அம்மாவும் சுகம், அரியானா குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். மாடும் சுகம். இப்போதெல்லாம் எங்களுக்கு முன்னால் நீ அதைத்தான் விசாரிக்கிறாய் என்று அம்மாவுக்குக் குறை.

தீபாவளிக்கு உன்னோடு படிக்கும் வளவன் சாணத்துக்குப் புட்டி கொண்டுவந்தானே, அன்று நடந்ததை எஸ்.டி.டி. பூத்தில் ஜனம் நின்றதால் உன்னிடம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. செம்பு கலந்த தீவனம் தின்னும் மாட்டின் வயிற்றில் செம்புக்கே சாகாத கிருமி இருக்கிறதா என்று பார்க்கத்தான் சாணம் என்று எழுதியிருந்தாய். பத்தாவதில் கோட்டை விட்டவனுக்கு அதில் கிருமி என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது. நம் மாட்டில் கிருமி என்று வடக்கே நாலு பேர் பேசினால் உனக்கு மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் என்ன மரியாதை இருக்கும். அதனால் மாட்டு டாக்டரைக் கெஞ்சி ஊசி போட வைத்தேன், கொட்டகையைக் கழுவினேன், மிச்சமிருந்த பினாயிலில் உன் புட்டியையும் அலசினேன். உன் அம்மா தன் பங்குக்குச் சாணத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு மூடிக்குக் குங்குமமும் வைத்தாள். சீர்வரிசை மாதிரிதான் அனுப்பினோம். ஒரு கிருமிகூட வளரவில்லை அப்பா என்று நீ போனில் சொன்னபோது, நம்ம மாடாச்சேன்னு பெருமையடித்துக்கொண்டேன். அப்புறம் நீ துருவித் துருவிக் கேட்டதில் ஊசி போட்டதை மட்டும் ஒப்புக்கொண்டேன்.

ஊசி போட்ட மாடு ஆகாது, அதே தீவனம் தின்கிற ஊசி போடாத மாடு வேண்டும், பொங்கல் லீவில் வளவன் எடுத்து வராவிட்டால் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று நீ சொன்னதும் ஊர் முழுக்க விசாரித்தேன். அப்படி ஒரு மாடு உன் மாமன் அப்பாசாமியிடம்தான் இருந்தது. என் மச்சான் ஊத்துற பாலில் மீன் பிடிக்கலாம்னு டீக்கடையில் நான் சொல்லப்போய், அவன் நம் வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் வராத பண்டிகையில் உன் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். மாட்டுப் பொங்கல் அன்று வளவனைக் கூட்டிக்கொண்டு போனேன். உன் மாமன் மாட்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். மச்சான், கொஞ்சம் சாணி வேணும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏன் மாப்ளே, பால் மட்டுந்தான் தண்ணியா, சாணி கெட்டியாத்தான் போடுதா?"

மதிக்காக என்று வளவன்தான் சொன்னான். உடனே உன் மாமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாட்டின் பின்னால் போய் நின்றுவிட்டான். மாலை போட்ட மாடு எங்களைப் பார்த்து வெட்கப்பட்டதோ என்னவோ, வெகு நேரம் ஒன்றும் போடவில்லை. காத்திருந்த நேரத்தில் வேறு வழியில்லாமல் நாங்கள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டோம். கடைசியில் வளவன் கையுறை மாட்டிப் புட்டியில் எடுத்து ஐஸ் டப்பாவில் வைத்தான். என்னைக் கிட்டேயே விடவில்லை. மத்தியானம் உன் மாமன் நம் வீட்டில்தான் சாப்பிட்டான். அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பரிமாறினாள்.

இப்போது அந்தச் சாணத்துக் கிருமி எவ்வளவு செம்பு ஊற்றினாலும் சாகவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் அவனுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. எம்மாட்டுக் கிருமி செம்பையே செரிச்சுட்டு நிக்குது, மாப்ள மாட்டுல ஒண்ணுகூட தேறலன்னு கிரிவலப் பாதை முழுக்கச் சொல்லிவிட்டான். அந்த வரிக்குக் கீழேதான், இந்த ஜாதிக் கிருமி சில மருந்துக்கும் அசையாது, நாளைக்கு மாடு படுத்தால் ஊசி வேலை செய்யாது, தாது உப்புப் பொடியில் செம்பு இருப்பதால் அதை அளவுக்கு மேல் போடாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் கம்மி பண்ணிவிட்டேன். அவனோ கிருமிக்கு இன்னும் தெம்பு வரட்டும் என்று ஒரு கை ஜாஸ்தியாகப் போடுகிறான். நான் சொன்னால், பாலுக்கு அப்புறம் சாணத்துக்கும் குறை சொல்றான் என்று எழுந்து போய்விடுவான், உன் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள். நீயே அவனுக்குத் தனிக் கடிதம் போடு. முதலில் நன்றாகப் புகழ்ந்துவிட்டு, பொடியைப் பற்றி நடுவில் சொல்.

சாணத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. எடுத்த காரியம் ஜெயமாகி நீ நல்லபடி ஊர் வந்து சேர எங்கள் இருவர் ஆசியும் உண்டு.

இதை எழுதும்போது உன் மாமன் பக்கத்தில்தான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். சாணியே இவ்ளோ பேரெடுத்துச்சே, அடுத்த தடவை பாலும் குடுத்தனுப்புறேன், அதையும் மிஷின்ல வச்சுப் பார்க்கட்டும் என்கிறான். அம்மா மதி, மிஷின் என்ன சொன்னாலும் சரி, பால் கெட்டி என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
பினாயில் ஊற்றிய அப்பா,
அர்ஜுனன்.