ஆறு மணிக்குக் கிளம்பியவளுக்கு

இன்று காலை அப்ரைசல் மீட்டிங்கில் மேனேஜர் அந்த வார்த்தையை மறுபடியும் சொன்னார். ‘கொயட் குவிட்டிங்.’ தினமும் ஆறு மணிக்கு எழுந்து போகும் புதுப்பெண் ஒருத்தியைப் பற்றித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே உன் ஞாபகமும்.

யாரோ எங்கேயோ புதிதாகக் கட்டிவிட்ட ஆங்கில வார்த்தை. போன் போனாகச் சுற்றி அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் நான்காவது மாடிக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. கொடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனால், சத்தமில்லாமல் வேலையை விட்டதாக அர்த்தமாம். என்ன அநியாயம் இது? வேலை செய்கிறவளையே விட்டுவிட்டாள் என்று சொல்ல ஒரு வார்த்தை, அதைச் சொல்வதில் ஒரு பெருமை வேறு.

மண்ணூர்பேட்டையில் பிறந்து வேப்பம்பட்டில் வாழ்க்கைப்பட்டவள் நீ. மேனேஜர் ‘பேண்ட்விட்த் இருக்கா’ என்று புது ஆங்கிலம் பேசும்போதெல்லாம் என் பக்கம் சாய்ந்து, “கை காலியா கீதான்னு கேக்குறாரு, அதுக்குத்தான் இவ்ளோ இஸ்துகினு கீறாரு” என்பாய். நான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிப்பேன். ஆறு அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடிவிடுவாய். உன் மேஜையில் ஒரு வேலை மிச்சமிருந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் அப்படி என்ன அவசரம் என்று ஒருமுறை கேட்டுவைத்தேன்.

“இன்னாடி கேள்வி இது? என் ஊட்டுக்கு நான் போறதுக்குக் காரணம் சொல்லணுமா?”

நான் டீம் லீட் ஆன வருடம் உன் அப்ரைசலை நான்தான் எழுதினேன். மேனேஜர் அந்த வார்த்தையைப் போடச் சொன்னார். இப்போது எல்லோரும் சொல்வதுதானே என்று போட்டுவிட்டேன். உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. நீ சண்டை போடவில்லை. எந்த வேலையை விட்டேன், ஒன்று சொல் என்று மட்டும் கேட்டாய். மாற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நாளைத் தள்ளினேன். அதற்குள் நான்கு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இன்று வாயைத் திறந்தேன். “அந்த வார்த்தைய நான் எழுத மாட்டேன் சார். வேலைய முடிச்சிட்டுதான் போறா. அதை எழுதுறேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மதியம் ஹெச்.ஆரிடம் போய் உன் ஃபைலைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். இறந்துபோனவர்களின் ஃபைலை மூடிவிடுவார்களாம், இனி யாரும் கைவைக்க முடியாதாம். வேலையை விட்டவள் என்றுதான் நீ அதில் இருக்கிறாய். எழுதியவர் என்று கீழே என் பெயர்.