ஆங்கிலச் சொல்லின் வால்

அண்ணே,

மாதா கோயிலில் உங்கள் முப்பதாம் நாள் பூசைக்குப் போட்டுக்கொள்ள என் மனைவி இன்று காலை பெட்டியிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்தாள். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் காது சுட்டது. நம் மணிலாக்கொட்டை ஏற்றுமதி ஆபீசில் லண்டன் துரைக்கு விருந்து வைத்த சாயங்காலம், அந்தக் கோட்டோடுதான் எழுந்து பேசினேன்.

பிரெஞ்சில் கடிதம் எழுதிப் பிழைத்தவன் நான். ஆங்கிலத்தில் வரவேற்புச் சொல்ல என்னை எழுப்பிவிட்டார்கள். புதுப் புடவையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. துரையைப் பார்க்க அவளுக்கு ஒரே பரபரப்பு என்று சொல்ல நினைத்து, "மை வைஃப் இஸ் வெரி எக்ஸைட்டிங், சார்" என்றேன். மேசை முழுக்கச் சிரித்தது. சிலர் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். ஆங்கிலம் தெரியாத அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எனக்குத் தப்பு எதுவென்று புரியவில்லை. தப்பு நடந்தது மட்டும் புரிந்தது.

அப்போது நீங்கள் எழுந்தீர்கள். கடலூரில் படித்தவர், உங்கள் அளவு ஆங்கிலம் ஆபீசில் யாருக்கும் கிடையாது. "ஐ ஆம் எக்ஸைட்டிங்கர், சார்" என்று நெஞ்சில் கை வைத்தீர்கள். பிறகு முதலாளியைக் காட்டி, "ஹி இஸ் எக்ஸைட்டிங்கெஸ்ட்" என்றீர்கள். அந்த மொழியில் இல்லவே இல்லாத சொற்கள். துரை நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். எல்லார் கண்ணும் அவளை விட்டு உங்கள்மேல் வந்தது. சிரிக்காதவர் நம் பிரெஞ்சுக்கார முதலாளி ஒருவர்தான்.

மறுநாள் கடற்கரையில் நடந்தபோது, என் தப்பு எதுவென்று உங்களிடம் கேட்டேன்.

"'எக்ஸைட்டட்'னு சொல்லியிருக்கணும்பா. அப்படின்னா தங்கச்சிக்குப் பரபரப்பு. நீ 'இங்' போட்டதால, தங்கச்சியைப் பாக்கிற ஆம்பளைங்களுக்குப் பரபரப்புன்னு ஆயிடுச்சு."

"நீங்க ஏண்ணே தப்பாப் பேசினீங்க?"

"சின்னச் சொல்லுக்குத்தான் 'அர்', 'எஸ்ட்'னு வால் ஒட்டும். நீளமான சொல்லுல ஒட்டினா கோமாளியாத் தெரியும். அதான் ஒட்டினேன்."

கொஞ்ச தூரம் போய், "தங்கச்சிகிட்ட இதைச் சொல்லாத" என்றீர்கள்.

உங்களுக்கு வரவேண்டிய தலைமை குமாஸ்தா நாற்காலி எனக்கு வந்தது. கூத்தடிக்கிறவன் வேண்டாம் என்றாராம் முதலாளி. நீங்கள் எதிர் மேசையில் உட்கார்ந்து, கடைசிக் காய்ச்சலில் படுக்கும்வரை என் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு கடிதத்தைக்கூட நான் வாங்கியதில்லை.

பூசை முடிந்து வரும் வழியில் அவள் சொன்னாள்: "நல்ல மனுஷன். அன்னைக்கு விருந்துல என்னமோ உளறிட்டு, எல்லாரும் சிரிக்கும்படி ஆயிடுச்சு, பாவம்."

இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

தெருமுனைவரை அவள் வேகமாக நடந்தாள். தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"அப்போ, நான் எதுக்குங்க சிரிச்சேன்?"

வீடுவரை கூடவே நடந்தேன், அண்ணே. இந்தக் கேள்வி அவளுக்கு வந்துவிடக் கூடாது என்றுதானே நீங்கள் கோமாளியானீர்கள். அடுப்பங்கரையில் அவள் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்கிறது. இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை நான்.