கட்டாரில் இருக்கும் நானாவின் வாக்கு அட்டை

செவ்வாய், இரவு.

நானாவின் வாக்கை இன்று காப்பாற்றிவிட்டேன்!

நானா, என் அண்ணன், கட்டாருக்குப் போய் இரண்டு வருடம். அங்கிருந்து வாக்களிக்க வழியில்லை. ஆனாலும் தபால்காரர் நேற்று, வரும் தேர்தலுக்கான அவருடைய வாக்கு அட்டையைத் தந்துவிட்டுப் போனார். இன்று மாலை, கட்சி வேலை செய்யும் பக்கத்துத் தெரு மாமா வந்துவிட்டார்.

"மகள், நானாட வோட்டுக் காட்டத் தாங்க. சும்மாதானே ஈக்கி? எங்கட பொடியன் ஒருத்தன் போய்ப் போடுவான்."

தெரிந்தவரிடம் எப்படி மறுப்பது என்று உம்மா அலுமாரியைத் திறந்தேவிட்டார். நான் பாய்ந்து அட்டையை எடுத்தேன்.

"நானாட்ட கேட்டுட்டுச் செல்றேன் மாமா."

நெட் கஃபேக்கு ஓடினேன். கெமராவில் நானா கத்தினார்: "அவர்ட கட்சிக்கா? நான் ஊர்ல இருந்தா எதிர்த்துத்தான் போடுவேன். கிழி!"

அவர் பார்க்கப் பார்க்கக் கிழித்தேன். கை தட்டினார்.

உடனே எங்கள் ஊர் இணையக் குழுமத்தில் எழுதினேன்: "வெளிநாட்டில் இருப்பவர்களின் அட்டையை யாருக்கும் கொடுக்காதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க, பதில் போடுங்க."

முதல் பதில் துபாயிலிருந்து. அந்த மாமாவின் மகன்.

"வாப்பாட கையில என்ட வோட்டுக் காட்டும் ஈக்கி தங்கச்சி. அதையும் கிழிக்க ஏலுமா?"