காசைப் பெண் பார்க்க வந்தவர்கள்

செம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் காளிராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை ஷர்மிளா, நான் எல்லாரும் சுகம், டொராண்டோக் குளிரில் நீயும் மருமகள் கலைச்செல்வியும் நோய்நொடி இல்லாமல் இருக்க இசக்கியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய சான்பாடா வீட்டுச் சம்பந்தத்தின் லட்சணத்தைக் கேள். பையன் நாகராஜ், அவன் அப்பா பிரம்மநாயகம், இரண்டு பேரும் பெண் பார்க்க வந்தார்கள். வந்ததும் பிரம்மநாயகத்தின் கண் ஷோகேஸில் போய் ஒட்டிக்கொண்டது. உன் அப்பா கப்பல் சரக்கு வேலையில் இருந்தபோது ஒரு பிரெஞ்சு மாலுமி கொடுத்த வெள்ளிக்காசு, ஷர்மிளா பிறந்த அன்று அவளுக்கென்று அப்பா எடுத்து வைத்தாரே, அதுதான். பையிலிருந்து லென்ஸை எடுத்து, காசில் இருக்கும் பெண் தலையையும் கோதுமைக் கதிரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காபியோடு நின்ற நம் பெண்ணை ஏறிட்டும் பார்க்கவில்லை. கடைசியில் "வெறும் வெள்ளிதான், பெருசா ஒண்ணுமில்ல" என்று உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் போன், பையனுக்குப் பிடித்துவிட்டதாம், நகையே வேண்டாமாம், ஞாபகத்துக்கு அந்தக் காசு மட்டும் போதுமாம். என்ன பெருந்தன்மை! நீயும் "ஒரு காசுதானம்மா, குடுத்துத் தொலைங்க" என்றாய்.

ஷர்மிளா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு தாதரில் பழங்காசு விற்பவரிடம் போனாள். முப்பத்தாறாம் வருஷத்துக் காசு, இரண்டு உலக யுத்தத்துக்கும் நடுவில் அடித்தது, அந்த வருஷத்தது கிடைப்பதே அபூர்வம் என்றாராம். அங்கே நின்றபடியே பிரம்மநாயகத்துக்குப் போன் போட்டு, "வெறும் வெள்ளிக்கு இவ்வளவு ஆசை எதுக்கு மாமா, கல்யாணம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அப்போதும் அந்த வாய் அடங்கவில்லை, காசு போலியாம்!

நேற்று நாகராஜ் தனியாக வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம் இரக்கப்பட்டுவிட்டேன். அவனோ தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பா சாப்பிடவே மாட்டேங்காங்க, காசை ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிடட்டா" என்கிறான். ஷர்மிளா கம்பிக் கதவைத் திறக்காமலே காசை உயர்த்திக் காட்டினாள், அவன் செல்போனை எடுப்பதற்குள் உள்கதவைச் சாத்திவிட்டாள். அதன்பிறகு அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள், அது உனக்குத் தெரியவேண்டும்.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ஷர்மிளாவுக்கு நீயே போன் பண்ணு. எடுக்கமாட்டாள். எடுக்கிறவரை பண்ணு.

உன் அம்மா
கனகவள்ளி