தண்ணீர் குடித்த கன்று

மாப்ள, இன்று அலமாரியை ஒழித்தபோது நீ உருட்டிய ரப்பர் உருண்டை அகப்பட்டது. கோலிக்குண்டு அளவுதான். கறுத்துவிட்டது, புளித்த வாடை மட்டும் போகவில்லை. குனிந்து எடுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது எனக்கு. நீ போய்ச் சேர்ந்தாய், தப்பித்தாய்.

எண்பதுகளின் கடைசி அது. ஒத்தக்கடைக்கு அப்பால் ஆராய்ச்சிப் பண்ணையில் நம் இருவர் பொறுப்பில் காட்டு ரப்பர் கன்றுகள் நின்றன. தோட்டங்களில் பால் வெட்டும் மரங்களெல்லாம் ஏதோ சில மரங்களின் வாரிசுகள். ஒரு நோய் வந்தால் மொத்தமும் படுத்துவிடும். அதனால் அமேசான் காட்டு விதைகளில் புது ரத்தம் தேடினார்கள். அவற்றில் வறட்சிக்கு எது ஆகும், தண்ணீர் விடாமல் மதுரை வெயிலை எது தாங்குகிறது என்று பார்ப்பது நம் வேலை. பார்ப்பது என்ன, சாவதைப் பார்ப்பதுதான். வாடிய இலைகளைத் தினமும் எழுதிவைப்போம். ஒடிந்த காம்பில் கசியும் பாலை விரலில் எடுத்து நீ உருட்டிக்கொண்டே இருப்பாய்.

செக்கானூரணிப் பக்கம் கிணற்றுப் பாசனம் பார்த்த குடும்பம் உன்னுடையது. "வாடுற பயிர வேடிக்க பாக்கவாடா சம்பளம் குடுக்குறாய்ங்க?" என்று முனகுவாய்.

சித்திரையில் மற்றதெல்லாம் சருகாக, வரப்போரத்துக் கன்று ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. பெரிய அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. அதிலிருந்து ஒட்டுக் கட்டி இனம் பெருக்க அனுப்புவோம் என்றார். தற்காலிகமாக இருந்த உன் வேலையை நிரந்தரமாக்க எழுதுவதாகவும் சொன்னார். உன் வீட்டுக்காரி அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

"அய்யா, அத அனுப்பாதீங்க. நாந்தான் என் குடிதண்ணிய ஊத்திட்டு இருந்தேன். மனசு கேக்கல" என்றாய்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா?" என்று பஸ் ஸ்டாப்பில் கத்தினேன்.

"நாளைக்கு மழையில்லாத ஊருல இத நம்பி நடுறவன் வெவசாயம் பாக்குற ஒரு சம்சாரிதான மாப்ள. அவன் தலையில மண்ணப் போடச் சொல்றியா?"

கன்றைப் பிடுங்கிவிட்டார்கள். உன் வேலையும் போயிற்று. ஆனையூரில் உரக்கடை போட்டு அதிலேயே காலத்தைத் தள்ளினாய். அந்தப் பக்கம் போனால் டீ வாங்கித் தருவாய், ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாய்.

நான்தான் அதே வெயிலில் கிடந்தேன். அடுத்தடுத்த வருடங்களில் நிஜமாகவே தாங்கிய ஓரிரு கன்றுகள் ஒட்டுக்குப் போயின. அதற்குப் பிறகு எந்தச் சோதனை வயலில் எது பச்சையாக நின்றாலும், எழுதுவதற்கு முன் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்பேன்: "யாராச்சும் தண்ணி ஊத்துனீங்களாப்பா?" ஓய்வு பெறுகிறவரை கேட்டேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே இல்லை என்றார்கள். அவர்களை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன், வேறென்ன செய்ய?

ஆமாம் என்று சொன்னவன் நீ ஒருத்தன்தான்டா.